ஒருநாள் லில்லி: ஒழுங்கையில் நின்று கேட்ட கேள்விகள்

திருகோணமலையில் எங்கள் வீட்டு முன்வேலி இடுப்பளவு உயரம்தான். மாசி கடைசியில் டே லில்லி பூக்கத் தொடங்கினால், ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். பத்து வருஷமாக அதே கேள்விகள். படிப்பித்த காலத்தில் ஒரே பாடத்தை ஐந்து வகுப்புக்குச் சொன்னவள்தான், ஆனால் இப்போது தொண்டை இடம் கொடுப்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் கணக்கு ரீச்சர், தாவரவியல் படித்தவள் இல்லை. இந்தச் செடியோடு பட்ட பாடு மட்டும் நன்றாகத் தெரியும்.

ரீச்சர், இது என்ன பூ? லில்லிதானே?

பெயரில்தான் லில்லி. உண்மையான லில்லி வெங்காயம் போன்ற குமிழிலிருந்து முளைக்கும், அதன் தண்டு நெடுக இலை இருக்கும். டே லில்லிக்குக் குமிழ் கிடையாது. மண்ணோடு ஒட்டிய ஒரு குருத்துக்கட்டையும், அதன் கீழே தடித்த வேர்களும்தான். இலைகள் இரண்டு பக்கமும் விசிறிபோல் விரியும். அந்த விசிறிக்கு நடுவிலிருந்து இலையில்லாத ஒரு தண்டு எழும்பி, நுனியில் மொட்டு வைக்கும். இப்போதைய வகைப்பாட்டின்படி இது கற்றாழையின் குடும்பம். லில்லிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை.

தாய்நாடு சீனா, ஜப்பான், கொரியாப் பக்கம். தாவரவியல் பெயர் ஹெமரோகலிஸ். கிரேக்கத்தில் ஹெமரா என்றால் நாள், கலோஸ் என்றால் அழகு. லின்னேயஸ் 1753 இல் வைத்த பெயர். எங்கள் ஒழுங்கையில் 'ஒருநாள் லில்லி' என்று சொல்கிறோம், அர்த்தம் ஏறக்குறைய அதேதான்.

எங்கட வளவிலயும் வெள்ளை லில்லி நிக்குது. அதுவும் இதுவும் ஒண்டா?

இல்லை. நம் ஊரில் நாலைந்து பூவுக்கு லில்லி என்ற ஒரே பெயர்தான். சிலந்திக் கால்போல மெல்லிய வெள்ளை இதழும் நடுவில் கிண்ணமும் உள்ளது ஒன்று. குழல் போன்ற தண்டில் பெரிய சிவப்பு ஊதுகுழலாகப் பூப்பது இன்னொன்று. முதல் மழைக்கு மறுநாள் புல்லுக்குள் இருந்து எட்டிப் பார்க்கும் ரோஸ் நிறச் சின்னப் பூ மற்றொன்று. மூன்றும் குமிழிலிருந்து வருபவை. சந்தேகம் என்றால் பக்கத்து மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். வெங்காயம் தெரிந்தால் அது டே லில்லி இல்லை.

நான்காவது, நமக்கு நன்றாகத் தெரிந்த கார்த்திகைப்பூ. அது கொடி. இலை நுனியே சுருண்டு வேலியைப் பிடித்து ஏறும். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கார்த்திகைக் கிழங்கு உயிரைக் குடிக்கும் நஞ்சு. டே லில்லியின் வேரில் சில நேரம் சின்னச் சின்னக் கிழங்கு மாதிரித் திரட்சி இருக்கும். இரண்டையும் ஒரே பாத்தியில் வைக்காதீர்கள். தோண்டும்போது எது எது என்ற குழப்பமே வரக்கூடாது.

ஒரு நாள்தான் இருக்குமாமே. ஒருநாள் பூவுக்கா இவ்வளவு பாடு?

அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்கிறவரின் வேலியில் பெரும்பாலும் செவ்வரத்தை நிற்கும். செவ்வரத்தையும் ஒருநாள் பூதான், அதை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுள், உண்மை. ஆனால் கணக்கைத் தண்டில் போட வேண்டும். ஒரு தண்டில் பத்துப் பதினைந்து மொட்டு வரும், சில இனங்களில் முப்பதும் வரும். எல்லாம் ஒன்றாக விரியாது. போன வருஷம் படலைக்குப் பக்கத்தில் நிற்கும் மஞ்சள் செடியின் ஒரு தண்டை மட்டும் கொப்பியில் குறித்து வந்தேன்: 17 மொட்டு, 22 நாள். சில நாள் இரண்டு, சில நாள் ஒன்றுமில்லை. ஒரு பற்றையில் நாலைந்து தண்டு முன்பின்னாக எழும்பினால் ஒரு மாதத்துக்கு மேல் பூ ஓடும்.

நாளைக்கு எது விரியும் என்று மாலையிலேயே சொல்லிவிடலாம். அந்த மொட்டு பச்சை கழன்று நிறம் காட்டும், விரலால் அழுத்தினால் காற்றடைத்த மாதிரி மெத்தென்று இருக்கும். அதற்கு அடுத்த நாளுக்கு உரியது இன்னும் கெட்டியாக இருக்கும். காலை ஐந்தரைக்கு, கோயில் மணி கேட்கும் நேரம், நுனி மூன்றாகப் பிளந்திருக்கும். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தால் வெளியிதழ் மூன்றும் பின்னால் மடிந்திருக்கும். ஏழு மணிக்கு உள்ளிதழ் மூன்றும் விரிந்து, ஆறு மகரந்தத் தண்டும் வளைந்து மேலே பார்க்கும். அப்போது தொண்டைக்குள் எட்டிப் பாருங்கள், மஞ்சளுக்குள் ஒரு பச்சை இருக்கும். வெயில் ஏற ஏற அது தெரியாமல் போய்விடும். மத்தியானம் ஓரம் தளரும். இரவு எட்டு மணிக்குள் நனைந்த கடதாசி மாதிரிச் சுருண்டுவிடும்.

மறுநாள் காலை அந்தச் சுருளைக் கிள்ளி எறிய வேண்டும். விட்டால் அடுத்த மொட்டில் ஒட்டிக்கொண்டு அதை விரிய விடாது. கிள்ளினால் விரலில் சாயம் பிடிக்கும். என் பேத்தி அதற்கு 'நேற்றுப்பூ' என்று பெயர் வைத்திருக்கிறாள். காலையில் எழும்பி வெளியே வராதவர்களுக்கு இந்தச் செடி சரிவராது. நேரம் கழித்து எழும்புகிறவர் போகன்விலா வைக்கலாம், அது யாருக்காகவும் காத்திருக்கும்.

சாமிக்கு வைக்கலாமா?

நான் வைக்கிறேன். காலைப் பூசைக்கு வாசலில் பறித்ததை வாசலுக்குள்ளேயே வைப்பதால் வாடுவதற்கு முன் வேலை முடிந்துவிடும். மாலை கட்ட உதவாது, நார் இறுகினால் காம்பு ஒடிந்துவிடும். வேண்டுமானால் தண்டோடு வெட்டிப் பூச்சாடியில் வைக்கலாம், மொட்டுகள் தண்ணீரிலும் ஒன்றொன்றாக விரியும். பூனை உள்ள வீடு என்றால் அதையும் செய்யாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

மிஸ், எங்கட கிண்ணியாவில எல்லாம் மணல். இது வருமா?

வரும். நகரத்திலும் கடற்கரையோரம் எங்கும் மணல்தானே, என் வளவும் அதே சாதி. மணலில் ஒரு நல்ல குணம், தண்ணீர் தேங்காது. கெட்ட குணம், தேவையான தண்ணீரும் நிற்காது. அதனால் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைக் கிளறி, இரண்டு பங்கு மணலுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, கொஞ்சம் தும்புச்சோறு (தேங்காய் மட்டைத் தூள்) கலக்க வேண்டும். தும்புச்சோற்றை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். உவர்த் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் அதில் உப்பு இருக்கும்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் மண் உள்ளவர்களுக்கு நேர்மாறான வேலை. அங்கே பாத்தியை ஒரு சாண் உயர்த்திப் போடுங்கள். கார்த்திகை மழைக்கு வேர் தண்ணீரில் நின்றால் செடி போய்விடும்.

எவ்வளவு ஆழத்துக்குக் கிடங்கு வெட்டணும்?

வேர் மடங்காமல் இருக்கும் அளவுக்குக் கிடங்கு, ஆனால் குருத்துக்கட்டை மேலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் புதையக்கூடாது. வெள்ளையும் பச்சையும் சேரும் இடம் ஒன்று இலையடியில் தெரியும். அதுதான் மண்மட்டம். கிடங்கின் நடுவில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, அதன் தலையில் கட்டையை இருத்தி, வேர்களைச் சுற்றிவரத் தொங்கவிட்டு மண் போடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது இடைவெளி வேண்டும்.

நான் முதல் தரம் வாழைக்குட்டி வைக்கிற மாதிரி முழங்கை ஆழத்தில் வைத்தேன். ஆழமாக வைத்தால் வெயில் சுடாது என்று என் புத்திசாலித்தனம். ஐப்பசியில் வைத்தது, மார்கழியில் நடு இலையைப் பிடித்து மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாகக் கூழாகி, அழுகிய உருளைக்கிழங்கு மாதிரி நாறியது. ஆறு செடியில் நாலு போயிற்று.

எந்த மாசம் வைக்கிறது நல்லம்?

மணல் மண்ணில் புரட்டாதிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம். மாரி மழை வேரைப் பிடிக்க வைத்துவிடும். களி மண்ணில் தை பிறந்த பிறகு. வைகாசி முதல் ஆவணி வரை, கச்சான் காற்று அனலாக வீசும் காலத்தில், வைக்கவும் வேண்டாம், கிளப்பவும் வேண்டாம். வேரில் காயம் பட்ட செடிக்கு அந்த வெப்பத்தில் அழுகல் சீக்கிரம் பிடிக்கும். சாடியில் வாங்கி வந்தது என்றால் அப்படியே நிழலில் வைத்துத் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள்.

வெயில் நல்லா வேணும் எண்டு புத்தகத்தில கிடக்கு. எங்கட வெயிலுமா?

புத்தகம் எழுதியவர் குளிர் நாட்டுக்காரர். ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்பது சரிதான், ஆனால் அந்த ஆறு மணி நேரமும் காலையிலிருந்து மத்தியானம் வரை உள்ளதாக இருக்கட்டும். இங்கே கிழக்குப் பார்த்த முற்றம் இதற்குச் சொல்லி வைத்தது மாதிரி. பின்னேர வெயிலை ஒரு முருங்கையோ வீட்டுச் சுவரோ மறைத்தால் போதும்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். மஞ்சளும் செம்மஞ்சளும் வெயிலைத் தாங்கும். கடும் சிவப்பு, கத்தரிப்பூ நிறம் இவை சூட்டை இழுத்துக்கொள்ளும். பதினொரு மணிக்கே இதழில் எண்ணெய் பட்ட மாதிரிப் புள்ளி விழுந்து உருகிப்போகும். அவற்றை நிழல் உள்ள பக்கம் வையுங்கள்.

தண்ணி ஒவ்வொரு நாளும் ஊத்தணுமா? கிணத்துத் தண்ணி வேற கொஞ்சம் உப்பு.

வேர் பிடித்த செடிக்குத் தினமும் வேண்டாம். மணலில் ஆனி ஆடி மாதங்களில் வாரம் இரண்டு அல்லது மூன்று தரம், ஆனால் வேர் வரை இறங்கும்படி நிறைய. மொட்டு வந்த பிறகு மட்டும் காயவிடக்கூடாது, மொட்டு உதிரும். அடியில் சருகு அல்லது தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பினால் பாதி வேலை குறையும். குருத்தோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் பரப்புங்கள்.

கொஞ்சம் உப்பை டே லில்லி பொறுத்துக்கொள்ளும், ரோசாவைவிட எவ்வளவோ மேல். இலை நுனி பழுப்பாகக் கருகினால் உப்பு கூடுகிறது என்று அர்த்தம். நிலத்தில் நிற்கும் செடிக்கு மாரி மழை வந்து கழுவிவிடும். சாடிக்கு அந்த வசதி இல்லை, அதற்குப் பைப் தண்ணீர் விடுங்கள். அரிசி கழுவின தண்ணீர் தாராளமாக விடலாம். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம்.

அக்கா, ராவோட ராவா எல்லா மொட்டையும் ஆரோ பிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்!

ஆள் இல்லை, மான். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் பஸ் நிலையப் பக்கமும் திரிகிற புள்ளிமான்களை வெளியூர்க்காரர் படம் பிடிக்க வருகிறார்கள். அவை இரவில் எங்கே சாப்பிடுகின்றன என்று அவர்களுக்குத் தெரியாது. எந்த நாட்டிலும் மானுக்கு டே லில்லி மொட்டு மிட்டாய் மாதிரி. மானுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது, அதனால் கடித்த இடம் வெட்டின மாதிரி இராது, பிய்த்த நார் தொங்கும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மொட்டு மட்டும் ஓரமாகச் சுரண்டப்பட்டிருந்தால் அது நத்தை.

என் அனுபவம்: ஒரு பங்குனிப் பின்னேரம் 23 மொட்டு எண்ணிவிட்டுப் படுத்தேன். விடிய வந்து பார்த்தால் வெறும் தண்டுகள், பக்கத்தில் மிளகு கொட்டின மாதிரிப் புழுக்கை. மிளகாய்த் தூள் கரைத்துத் தெளித்தேன், இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் தூறலில் கழுவுண்டு போயிற்று. சவர்க்காரக் கட்டி கட்டித் தொங்கவிட்டேன், அதை அண்டங்காகம் கொண்டு போயிற்று. கடைசியில் வேலியில்தான் தீர்வு. தாழ்வான வேலி மானுக்கு வேலியே இல்லை, ஆளுயரத்துக்கு மேல் வேண்டும். எனக்கு முன்வேலியை உயர்த்த மனமில்லாததால் பூக்கும் மாதங்களில் மட்டும் பாத்தியைச் சுற்றிக் கம்பி வலை அடைக்கிறேன், காலையில் எடுத்துவிடுகிறேன்.

பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். தளர்வாகத் தொங்கும் நைலோன் வலையில் கொம்பு சிக்கினால் அந்த மிருகம் படும் பாடு பார்க்க முடியாது. மீன்வலைதான் கிடைத்தது என்றால் நாலு பக்கமும் இறுக்கி இழுத்துக் கட்டுங்கள், கண்ணில் படும்படி வெள்ளைத் துணித்துண்டுகளைத் தொங்கவிடுங்கள்.

பசளை என்ன போடுறீங்க?

மாரி முடிந்ததும் ஒரு கை மக்கிய எரு, பூ முடிந்ததும் இன்னொரு கை. அவ்வளவுதான். 2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். என் டே லில்லிக்கு அது தெரியவே தெரியாது. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை மட்டும்தான் வளரும்.

இலைக்கடியில செங்கட்டித் தூள் மாதிரி இருக்கு. மண் தெறிச்சதா?

வெள்ளைக் கடதாசியால் இலையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். செம்மஞ்சள் கறை பிடித்தால் அது துருநோய், ஒரு பூஞ்சணம். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இலை கருகும்போது நோயும் சேர்ந்து போய்விடும். நமக்குப் பனிக்காலம் இல்லை, வருஷம் முழுக்கப் பச்சை இலை இருக்கிறது, அதனால் நோய்க்கும் வருஷம் முழுக்கச் சாப்பாடு. செடி சாகாது, மெலியும்.

செய்ய வேண்டியது: பிடித்த இலைகளை நாலு அங்குலம் விட்டு வெட்டி, பையில் கட்டி அகற்றுங்கள். எருக்குழியில் போட வேண்டாம். கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். தண்ணீரைக் காலையில், அடியில் மட்டும் விடுங்கள். இலை இரவில் ஈரமாக இருந்தால் இந்தப் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். புதிதாக எங்கிருந்து கன்று வந்தாலும் ஒரு மாதம் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாத்திக்குள் விடுவேன். இந்த விஷயத்தில் என் தங்கச்சி கொண்டு வந்ததற்கும் விதிவிலக்கு இல்லை, அவளுக்கு இன்னும் கோபம்.

நத்தைக்கு என்ன செய்யிறது?

டோர்ச் லைட், வாளி, உப்புத் தண்ணீர். மாரி காலத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒரு சுற்று. ஆபிரிக்கப் பெரிய நத்தையைப் பொறுக்கும்போது வெறும் கையால் தொடாதீர்கள், அதில் மனிதருக்கு நோய் தரும் புழு இருக்கலாம். மொட்டுக் காம்பில் அசுவுணி வந்தால் தண்ணீரைப் பீச்சியடித்தாலே போதும்.

நுவரெலியாவில இருந்து கொண்டு வந்தது. முதல் வருஷம் பூத்துது, இப்ப வரவரச் சின்னனாகுது. ஏன்?

இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. டே லில்லியில் மூன்று குணம் உண்டு. ஒன்று குளிர்காலத்தில் இலையை முழுதும் இழந்து உறங்கும். ஒன்று வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். மற்றது இரண்டுக்கும் நடுவில். உறங்கும் இனத்துக்குக் குளிர் என்பது ஓய்வு. அது கிடைக்காவிட்டால் வருஷா வருஷம் மெலிந்து, கடைசியில் ஒரு விசிறியாகி, காணாமல் போய்விடும். முதல் வருஷப் பூ மலையில் சேர்த்து வைத்த கையிருப்பு. நீங்கள் பார்த்தது அந்தச் செலவைத்தான்.

அங்கிருந்து வந்த எல்லாமே இப்படி ஆகாது. எப்போதும் பச்சையாக நிற்கும் இனமாக இருந்தால் இங்கேயும் நன்றாக இருக்கும். அமெரிக்காவில் புளோரிடா போன்ற சூடான இடங்களில் உருவாக்கியவை பெரும்பாலும் அந்தச் சாதிதான். வாங்கும்போது கடைக்காரரிடம் பூவின் நிறத்தைக் கேட்காமல், தை மாதத்தில் இலை இருக்குமா என்று கேளுங்கள். அதைவிட நல்ல வழி, நம் ஊரிலேயே மூன்று வருஷம் நின்று பூத்த செடியில் ஒரு பங்கு வாங்குவது.

செடி பச்சைப் பசேலெண்டு நிக்குது. பூதான் இல்ல.

மேலே சொன்னவற்றிலேயே பதில் பெரும்பாலும் இருக்கிறது. நிழல் கூடிவிட்டதா? பக்கத்து மாமரம் மூன்று வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று நிமிர்ந்து பாருங்கள். ஆழமாக வைத்தீர்களா? யூரியா போட்டீர்களா? உறங்கும் இனமா? நான்கும் இல்லை என்றால் நெரிசல். ஒரே இடத்தில் நாலைந்து வருஷம் நின்ற பற்றை நடுவில் தானே தன்னை நெரித்துக்கொள்ளும், பிரிக்க வேண்டும்.

எப்பிடிப் பிரிக்கிறது? கத்தியால வெட்டலாமா?

பற்றையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி அலவாங்கை இறக்கி முழுதாகக் கிளப்புங்கள். வாளித் தண்ணீரில் முக்கி மண்ணைக் கழுவினால் எந்த விசிறி எதோடு ஒட்டியிருக்கிறது என்று தெரியும். பலது கையால் ஆட்டினாலே பிரியும். பிரியாததைக் கத்தியால் வெட்டலாம், ஒவ்வொரு துண்டிலும் குருத்துக்கட்டையும் வேரும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று விசிறியாகப் பிரித்தால் அடுத்த பருவமே பூ. ஒவ்வொன்றாகப் பிரித்தால் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வெட்டுக்காயம் ஒரு நாள் நிழலில் காய்ந்த பிறகு வையுங்கள். மாதம் எது என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

சில நேரம் பூத் தண்டிலேயே குட்டி விசிறி ஒன்று முளைக்கும். அது இலவசக் கன்று, தாயின் அச்சு. அடியில் வேர் மொட்டுத் தெரிந்ததும் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி ஈர மணலில் குத்திவிடுங்கள்.

விதை போட்டா அதே பூ வருமா?

வராது. கலப்பினத்தின் விதை ஒவ்வொன்றும் ஒரு தனிப்பிறவி. அதில்தான் ருசியும் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடி நுனியில் தடவிவிடுங்கள். பிடித்தால் காய் ஆறு எட்டு வாரத்தில் பழுத்து நுனி வெடிக்கும். உள்ளே கறுத்து மினுங்கும் விதை, கழுவித் துடைத்த பப்பாசி விதை மாதிரி. உடனே போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் முளை. பூ பார்க்க ஒன்றரை, இரண்டு வருஷம். இப்படிக் கலந்து கலந்துதான் உலகத்தில் இன்று 80 ஆயிரத்துக்கு மேல் பதிவு செய்த இனங்கள் இருக்கின்றன. நியூயோர்க் தாவரவியல் தோட்டத்தில் வேலை செய்த ஸ்டவுட் என்பவர் இந்தக் கலப்பு வேலைக்குப் பெரிய தொடக்கம் போட்டவர். 1934 இல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

எவ்வளவு தடவினாலும் காய் பிடிக்குதே இல்ல, ரீச்சர்.

இது கணக்குக் கேள்வி, எனக்குப் பிடித்தது. சாதாரண டே லில்லிக்கு நிறப்புரி, அதாவது பரம்பரைக் குணத்தைச் சுமக்கும் குரோமோசோம், 22. பெரிய, தடித்த இதழ் உள்ள புது இனங்கள் பலவற்றுக்கு 44. இரண்டையும் கலந்தால் பெரும்பாலும் காய் நிற்காது, நின்றாலும் விதை சப்பையாக இருக்கும். பழைய செம்மஞ்சள் இனத்துக்கோ 33. அதைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதே! அதனால் அது விதை வைக்காமல் வேரடியால் மட்டும் பரவும். உங்களிடம் இருப்பது அந்தச் செம்மஞ்சள் என்றால் நீங்கள் தடவுவது வீண் வேலை.

22 எப்படி 44 ஆனது தெரியுமா? கொல்ச்சிசின் என்ற நஞ்சைக் குருத்தில் பூசி இரட்டித்தார்கள். முதலில் எச்சரித்தேனே, நம் கார்த்திகைக் கிழங்கில் உள்ள நஞ்சும் அதே கொல்ச்சிசின்தான்.

ஒன்லைனில நீலக் கலர் டே லில்லி விதை விக்கிறாங்கள். ஓடர் பண்ணட்டா?

வேண்டாம். உண்மையான நீல டே லில்லி உலகத்தில் இல்லை. சுத்த வெள்ளையும் இல்லை, வெள்ளை என்பதெல்லாம் மிக வெளிறிய மஞ்சளோ ரோசோதான். நீலம் என்று சொல்லப்படுவது கத்தரிப்பூ நிறம், அல்லது பூவின் கண்ணில் மட்டும் சாம்பல் நீலச் சாயல். மிச்சம் கணினியில் அடித்த வர்ணம். தவிர, விதையைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். படத்தில் உள்ள பூவே விதையில் வரும் என்று ஒருவர் சொன்னால் அங்கேயே சங்கதி விளங்கிவிட வேண்டும். நானும் ஒரு பொதி வாங்கினேன். முளைத்தது கீரை.

சீனாக்காரர் இந்தப் பூவைச் சமைக்கிறவங்களாமே?

ஆம், விரியாத மொட்டைக் காயவைத்துச் சூப்பில் போடுவார்கள். அதற்கென்று வளர்க்கும் இனங்கள் இருக்கின்றன. நம் வளவில் நிற்பது என்ன இனம் என்று தெரியாமல் நான் சமைக்கமாட்டேன். பச்சையாக நிறையத் தின்றால் வயிற்றைக் கழிக்கும் என்பது ஒரு பக்கம். கார்த்திகைப்பூவும் இன்னும் நாலு லில்லியும் பக்கத்தில் நிற்கும் ஊரில், பூவைச் சாப்பிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கட பூனை இலையைக் கடிச்சிட்டுது. ஒண்டும் ஆகாதுதானே?

ஆகும். இதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். டே லில்லியின் இலை, பூ, மகரந்தம் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். உண்மையான லில்லியும் அப்படித்தான். உடம்பில் பட்ட மகரந்தத்தை நக்கினாலே போதும். முதலில் சத்தி எடுக்கும், சாப்பிடாது, சுருண்டு படுக்கும். பிறகு தேறின மாதிரித் தெரியும், அதை நம்பி இருந்துவிடக்கூடாது. ஓரிரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். கடித்ததைக் கண்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள், எந்தச் செடி என்றும் சொல்லுங்கள். நாய்க்கு இந்தச் சிறுநீரக ஆபத்து இல்லை. வீட்டுக்குள் பூனை வளர்ப்பவர் கேட்டால் நான் கன்று கொடுப்பதில்லை.

அப்ப எங்களுக்கு ஒரு கன்று தருவீங்களா, ரீச்சர்?

தருவேன். மஞ்சளும் செம்மஞ்சளும் தாராளமாக இருக்கிறது, கடும் சிவப்பு இந்த வருஷம் இல்லை. பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமைதான் பற்றை கிளப்புவேன், காலையில் வாருங்கள். பையை நீங்களே கொண்டு வாருங்கள். படலையைத் திறந்தால் உடனே சாத்திவிடுங்கள், மான் அந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.